மறுபடி எந்த வயது வேண்டும்?

அரைக்கால்சட்டை:
நேற்று என் மகன் கேட்டான், "அப்பா, ஏதாவது ஒரு வயதுக்குத் திரும்பிப் போகலாம் என்றால் எதற்குப் போவீர்கள்?" யோசிக்கவே இல்லை, பத்து என்றேன். அவனுக்கு இப்போது அந்த வயதுதான். "ஐயோ, வேண்டாம்ப்பா" என்றான்.

அதனால் இங்கே கேட்கிறேன். வாழ்க்கையில் மிக மகிழ்ச்சியான பருவம் எது? என் கட்சி சிறுவயது. நாளை என்ன ஆகும் என்ற நினைப்பே கிடையாது. ஒரு மதியப்பொழுது ஒரு மாதம் மாதிரி நீளும். இப்போது ஒரு வருடமே ஒரு மதியம் போல ஓடிவிடுகிறது. மறுப்பவர்கள் வரலாம்.

கணக்குப்பிள்ளை:
மறுப்பு உங்கள் பதிவிலேயே இருக்கிறது. பத்து வயதில் இருப்பவன் வேண்டாம் என்கிறான், அதைக் கடந்தவர் வேண்டும் என்கிறார். இரண்டு சாட்சியில் யாரை நம்புவது?

"எது பொற்காலம்" என்று கேட்டால் ஞாபகம்தான் பதில் சொல்லும். "இப்போது எப்படி இருக்கிறீர்கள்" என்று எல்லா வயதுக்காரர்களிடமும் கேட்டு, பதில்களை வயதுவாரியாக அடுக்கிப் பார்ப்பது வேறு வழி. டேவிட் பிளாஞ்ச்ஃபிளவர், ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அப்படித்தான் செய்தார்கள். 2008-இல் வந்த அவர்கள் கட்டுரையில் 72 நாடுகளில் ஒரே வடிவம் தெரிந்தது. இளமையில் உயரம், நடுவயதில் பள்ளம், அப்புறம் மறுபடி ஏற்றம். கிண்ணத்தை நெடுக வெட்டிப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி.

2012-இல் 508 சிம்பன்சிகளையும் ஒராங்குட்டான்களையும் வைத்து இதே கேள்வியைப் பார்த்தார்கள். அவற்றைப் பராமரிப்பவர்கள் மதிப்பெண் போட்டார்கள். அங்கேயும் நடுவயதில் பள்ளம். குரங்குக்கு வீட்டுக்கடனும் இல்லை, மேலதிகாரியும் இல்லை.

அரைக்கால்சட்டை:
அந்த 72 நாட்டுக் கணக்கில் பத்து வயதுப் பையன்கள் எத்தனை பேர்?

கணக்குப்பிள்ளை:
யாரும் இல்லை. அது பெரியவர்களிடம் எடுத்த கணக்கு. இந்த ஒன்றில் உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

பேரில்லாப் பருவம்:
தம்பிகளா, நடுவில் நுழைகிறேன். எனக்கு 58 வயது.

தமிழில் பெண்ணின் பருவத்துக்கு ஏழு பெயர் வைத்திருக்கிறார்கள்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பதின்மூன்று வயது மங்கைக்கும் பதினான்கு வயது மடந்தைக்கும் கூட வித்தியாசம் பார்த்தவர்கள், 40 வயதில் பேரிளம்பெண்ணோடு கணக்கை மூடிவிட்டார்கள். அதற்குமேல் பெயர் வைக்கத் தோன்றவில்லை போல. நான் பதினெட்டு வருடமாக அந்தப் பெயரில்லாத இடத்தில்தான் இருக்கிறேன். நன்றாகவே இருக்கிறது.

இருபத்தைந்தில் ஒரு கூட்டத்துக்குப் போய்வந்தால், அங்கே நான் சொன்ன ஒரு வார்த்தையை நினைத்து இரண்டு இரவு தூங்கமாட்டேன். போன மாதம் ஒரு விழாவில் தூக்கம் வந்தது, பாதியில் எழுந்து வந்துவிட்டேன். யாரும் கவனிக்கக்கூட இல்லை. நாற்பது தோழிகள் இருந்தார்கள், இப்போது ஐந்து பேர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் இதைத்தான் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார். எதிரே இருக்கும் காலம் குறைவு என்று உணர்கிறவர்கள் நெருக்கமானவர்களை வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தளர விடுகிறார்களாம். நான் தத்துவம் தெரியாமலே செய்திருக்கிறேன்.

அரைக்கால்சட்டைத் தம்பி, கவலையே இல்லாத வயது என்கிறீர்கள். ஒன்பது வயதில் பென்சில் பெட்டியைத் தொலைத்துவிட்டு, வீட்டில் சொல்லப் பயந்து மூன்று நாள் வயிற்றுவலி என்று படுத்துக் கிடந்தேன். இன்றைக்கு அது பென்சில் பெட்டி. அன்றைக்கு அதுதான் என் உலகம்.

சந்தேகப்பேர்வழி:
அக்கா நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் அக்காவின் 58 எல்லோருடைய 58-உம் இல்லை.

பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டனும் இன்னும் இருவரும் 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியதைப் பாருங்கள். பணக்கார ஆங்கிலம் பேசும் நாடுகளில் அந்தக் கிண்ணம் தெரிகிறது. பழைய சோவியத் பகுதியிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் வயது ஏற ஏற வாழ்க்கைத் திருப்தி இறங்கிக்கொண்டே போகிறது. அங்கே முதியவர்கள் தாங்கள் வாழ்ந்து பழகிய ஏற்பாடே கண்ணெதிரே உடைந்ததைப் பார்த்தவர்கள். முதுமை தானாகச் சந்தோஷம் கொண்டுவருகிறதா, அல்லது கையில் பணமும் மாத்திரை வாங்க வழியும் இருக்கும் முதுமையா?

கிண்ணத்தின் இடது விளிம்பும் ஆட்டம் கண்டுவிட்டது. 2024 உலக மகிழ்ச்சி அறிக்கையில் ஒவ்வொரு வயதுக்காரர்களையும் நாடுவாரியாக வரிசைப்படுத்தியதில், அமெரிக்காவின் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் 10-ஆம் இடம், முப்பதுக்குக் கீழே உள்ளவர்கள் 62-ஆம் இடம். ஒரே நாடுதான். இளமை என்றால் உயரம் என்பதே அங்கே பொய்த்துவிட்டது.

இன்னொன்று. இந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை ஒரே ஆளைப் பின்தொடர்ந்து எடுத்தவை அல்ல. இன்றைய இருபதையும் இன்றைய எழுபதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். எழுபது வரை வந்து சேராதவர்கள் பதில் சொல்ல இல்லை.

பேரில்லாப் பருவம்:
அதுவும் சரிதான். என் முழங்காலைக் கேட்டிருந்தால் வேறு பதில்தான் வந்திருக்கும்.

நாற்பத்தாறு:
கிண்ணத்தின் அடியிலிருந்து எழுதுகிறேன். மணி இரவு பதினொன்றரை. மகளுக்குக் காய்ச்சல், நாளை அப்பாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும், காலை பத்து மணிக்குள் முடிக்கவேண்டிய அலுவலக வேலை பாதியில் நிற்கிறது.

இந்த நிமிடம் யாராவது வந்து "மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா" என்று கேட்டால், கதவைச் சாத்திவிடுவேன். அதை இல்லை என்று எழுதிக்கொள்வார்கள். கணக்கில் நான் ஒரு பள்ளம்.

ஆனால் வீட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது எல்லோரும் பதில் கொடுக்கிறார்கள். அப்பா இருக்கிறார். மகள் இன்னும் சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள், போன வாரம் விட்டுவிட்டேன், அவளுக்குத் தெரியாது. இது இரண்டும் சேர்ந்து இருக்கிற வருடங்கள் எத்தனை இருக்கும்? இருபதில் எனக்கு யாரும் தேவைப்படவில்லை, எழுபதில் யாருக்கும் நான் தேவைப்படாமல் போகலாம். அதனால் என் ஓட்டு இந்தப் பள்ளத்துக்குத்தான். களைப்பை மகிழ்ச்சியின்மை என்று எழுதிக்கொண்டால் அது கணக்கு எடுத்தவரின் தப்பு.

கணக்குப்பிள்ளை:
உளவியலாளர் டேனியல் கானமன் பிரித்துச் சொன்னது இதுதான்: அனுபவிக்கிற மனம் ஒன்று, நினைத்துப் பார்க்கிற மனம் ஒன்று. உங்களிடம் இரண்டும் ஒரே இரவில் எதிரெதிர் பதில் சொல்கின்றன.

இன்னொரு காரணமும் சொல்லலாம். ஹான்னஸ் ஷ்வாண்ட் என்பவர் 1991 முதல் 2004 வரையிலான ஜெர்மானியத் தரவுகளைப் பார்த்தார். ஐந்து வருடம் கழித்து எப்படி இருப்பீர்கள் என்று கேட்டு, பின்னால் நடந்ததோடு அதே ஆட்களை ஒப்பிட்டார். இளைஞர்கள் நடந்ததைவிட அதிகமாக எதிர்பார்த்திருந்தார்கள், முதியவர்கள் குறைவாக. இருபதில் போட்ட கணக்கு நாற்பதில் தவறுகிறது, அந்த ஏமாற்றம் வலிக்கிறது. அறுபதில் எதிர்பார்ப்பே சிறியது, வருவதெல்லாம் லாபம். சந்தேகப்பேர்வழி கேட்ட பின்தொடர்தல் இதில் இருக்கிறது.

145 நாடுகளை வைத்து பிளாஞ்ச்ஃபிளவர் பின்னால் போட்ட கணக்கில் அடிமட்டம் ஏறக்குறைய 48 வயது. உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் இறக்கம் பாக்கி.

நாற்பத்தாறு:
ஆறுதலுக்கு நன்றி ஐயா!

சந்தேகப்பேர்வழி:
எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால் திருப்தி வரும் என்பதை மகிழ்ச்சி என்று எண்ணச் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். அது சமாதானம்.

பேரில்லாப் பருவம்:
இருக்கட்டுமே. சமாதானத்தில் இரவு தூக்கம் வருகிறது.

அரைக்கால்சட்டை:
இன்று காலை மகனிடம் மறுபடி பேச்சுக் கொடுத்தேன். பத்து வயதில் என்னடா குறை? "எல்லாத்துக்கும் கேட்டுக் கேட்டுத்தான் செய்யணும்" என்றான். சரி, உனக்கு எந்த வயது வேண்டும்? "உங்க வயசு. உங்களை யாரும் போய்த் தூங்கு என்று சொல்வதில்லையே."

நாற்பத்தாறு:
அந்தப் பையனை இங்கே அனுப்பி வையுங்கள். எனக்கு யாராவது சொன்னால் தேவலை.