வால்ட் ராஞ்ச்: 14 ஆயிரம் மரம் என்பது கட்டிய கதையா?

ஓடைக்கரை:
பக்கத்து இழையில் வரப்போரம் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "நாபாவில் சொந்த நிலத்தில் திராட்சை நடக் கேட்டவர்களைப் பதினைந்து வருடத்துக்கு மேல் இழுத்தடித்தார்கள், 14 ஆயிரம் மரம் என்பது சூழல் கும்பல் கட்டிய கதை" என்கிறார். கதையா? கலிஃபோர்னியாவில் நாபா கவுன்ட்டியில் (மாவட்டம் மாதிரி) இருக்கும் வால்ட் ராஞ்ச் நிலத்தில் ஒயின் திராட்சைக்காக வெட்டவிருந்த மரங்கள் அவை, கவுன்ட்டியின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் இருக்கிற எண் அது. 2014 வரைவில் 28 ஆயிரத்துக்கும் மேல் இருந்தது, எதிர்ப்பு கிளம்பி திட்டத்தைச் சுருக்கிய பிறகுதான் 14 ஆயிரத்துக்கு வந்தது. அட்லஸ் பீக் பக்கத்து மலை அது. அங்கிருந்து வடிகிற தண்ணீரில் ஒரு பகுதி மில்லிக்கன் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, நாபா நகரம் குடிக்கிறது.

வரப்போரம்:
பெயரைச் சொல்லி இழுத்ததால் வருகிறேன். நிலம் 2300 ஏக்கர். கொடி நடக் கேட்டது 209 ஏக்கர். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 14 ஆயிரம், 14 ஆயிரம் என்கிறீர்களே, மொத்தம் எத்தனை மரத்தில் 14 ஆயிரம்? அதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

ஓடைக்கரை:
209 என்பது கொடி நிற்கிற பரப்பு மட்டும். வண்டி திரும்பும் இடம், பாதை எல்லாம் சேர்த்தால் 316 ஏக்கர். பாதியைச் சொல்லி மீதியை மறைப்பது உங்கள் வழக்கம், பாதாம் தோட்டத் தண்ணீர் பற்றிய விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள்.

வரப்போரம்:
பாதாமை இங்கே ஏன் கொண்டுவருகிறீர்கள்? அங்கே பதில் சொல்ல முடியாமல் போனவர் நீங்கள். மொத்தம் எத்தனை மரம் என்றுதான் கேட்டேன்.

சேலத்துக்காரன்:
பணக்காரன் குடிக்கிற ஒயினுக்கு இவ்வளவு சண்டையா? சோற்றுக்கு விளைகிற பயிர் என்றாலாவது சரி. அந்த நிலத்தை வைத்திருந்த கிரெய்க் ஹால் டல்லாஸ் ரியல் எஸ்டேட்காரர், மனைவி கேத்ரின் ஹால் ஆஸ்திரியாவில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். இவர்களுக்காக நம் ஆள் ஒருவர் அழுகிறார்.

வரப்போரம்:
திராட்சை பயிர் இல்லையா? 1968-லேயே பள்ளத்தாக்கில் வீட்டுமனை போடாதே, விவசாயம் செய் என்று நிலத்தை ஒதுக்கிய கவுன்ட்டி அது. வீடு கட்டினாலும் தப்பு, கொடி நட்டாலும் தப்பு என்றால் நிலத்துக்காரன் என்னதான் செய்வான்? எங்கள் ஊர்ப்பக்கம் மேட்டு நிலத்தில் ஒரு கிணறு வெட்டுவதற்கே ஒவ்வொரு மேசையாக அலைந்தவன் நான். அந்த வலி தெரியாதவர்கள்தான் தாமதத்தை நியாயப்படுத்துவார்கள்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் விதியைத் தொடவே இல்லை. 1989-ல் ஒரு மலைத்தோட்டத்துக்காகக் கிளறிய மண் மழையில் சரிந்து, செயின்ட் ஹெலினா ஊருக்குத் தண்ணீர் தரும் பெல் கேன்யன் நீர்த்தேக்கத்தில் இறங்கியது. அதற்குப் பிறகு 1991-ல் வந்ததுதான் இந்த ஏற்பாடு. சரிவு 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மண் அரிப்புத் தடுப்புத் திட்டம் கொடுக்க வேண்டும், 30-க்கு மேல் போனால் விதிவிலக்கு வாங்க வேண்டும். ஹால் தம்பதி நிலம் வாங்கியது 2005-ல். அவர்கள் வருவதற்கு முன்பே இருந்த விதி.

வரப்போரம்:
விதி இருக்கட்டும். 2016-ல் சூப்பர்வைசர்கள் (கவுன்ட்டியை நடத்தும், தேர்ந்தெடுக்கப்பட்ட குழு) அனுமதி கொடுத்துவிட்டார்கள் அல்லவா? அப்புறம் எதற்கு வழக்கு மேல் வழக்கு?

ஓடைக்கரை:
வழக்கு போட்டதில் பக்கத்து சர்க்கிள் ஓக்ஸ் குடியிருப்புக்காரர்களும் உண்டு, தங்கள் கிணறு வற்றிவிடும் என்ற பயத்தில் போனவர்கள். 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது? மரம் வெட்டுவதால் வெளியேறும் கரியமில வாயுவுக்கு ஈடாகக் கொஞ்சம் காட்டை அப்படியே விட்டுவைப்போம் என்றார்கள். அந்தக் காடு எப்படியும் தப்பித்திருக்கும் என்றால் அது எப்படி ஈடாகும், கவுன்ட்டி அதைக் காட்டவில்லையே என்றது. 14 ஆயிரம் மரம் கதை என்றால் நீதிமன்றம் எதற்கு ஈடு கேட்டது?

வரப்போரம்:
மற்ற எல்லாப் புகாரையும் அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்ததை விழுங்கிவிட்டீர்கள். தண்ணீர்ப் புகாரும் அதில் போனது. மிஞ்சியது அந்த ஒரு ஈட்டுக் கணக்கு. அதற்கும் 16 ஆயிரத்துக்கு மேல் ஓக் கன்று நடுகிறோம் என்றார்கள். 14 ஆயிரம் போனால் 16 ஆயிரம் வருகிறது. இன்னும் என்ன வேண்டும்?

ஓடைக்கரை:
கன்றும் நூறு வருட ஓக்கும் ஒன்றா? விவசாயி என்று சொல்லிக்கொண்டு இதைக் கேட்கிறீர்களே, வெட்கமாக இருக்கிறது.

சேலத்துக்காரன்:
35 மனைகளாகப் பிரிந்து கிடந்த நிலம் அது. கொடி நட்டு, பாதை போட்டு, பிறகு மாளிகை கட்டி விற்பார்கள் என்று அங்கே இருப்பவர்களே பயந்தார்கள். வரப்போரம் அதைப் பேசமாட்டார்.

வரப்போரம்:
பயந்தார்கள், பயந்தார்கள். நடந்ததா? 2017 அக்டோபரில் அட்லஸ் தீ அந்தப் பக்கத்தையே எரித்ததே, அது நடந்தது. நீர் பாய்ச்சுகிற திராட்சை வரிசையில் தீ காட்டில் போகிற வேகத்தில் போகாது. அந்தத் தீயில் போன மரத்துக்கு யார் மேல் வழக்குப் போட்டீர்கள்?

ஓடைக்கரை:
எரிந்த ஓக் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்கிய ஓக் துளிர்க்காது.

கணக்குப்பிள்ளை:
கடைசியில் யாரும் வெட்டவில்லை. 2022-ல் பக்கத்து நிலத்தில் தன் உறவினர் சம்பந்தப்பட்டிருந்ததால் ஒரு சூப்பர்வைசர் இந்த விவகாரத்திலிருந்து ஒதுங்கினார். அதே வருடம், நிலத்தை வாங்கிப் பாதுகாக்கும் நாபா நில அறக்கட்டளைக்கு 1.8 கோடி டாலருக்கு விற்க ஹால் தம்பதி ஒப்புக்கொண்டார்கள். காடு நிற்கிறது.

வரப்போரம்:
அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். ஒரு மரம்கூட விழவில்லை. 14 ஆயிரம் கதைதான்.

ஓடைக்கரை:
விழாமல் நிற்பது எதிர்த்தவர்களால். உங்களைப் போன்றவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் 14 ஆயிரமும் போயிருக்கும்.

வரப்போரம்:
மொத்தம் எத்தனை மரம்? இன்னும் சொல்லவில்லை நீங்கள்.

ஓடைக்கரை:
அறிக்கையைத் திறந்து படியுங்கள். நான் உங்களுக்குக் கணக்கு வாத்தியார் இல்லை.

வரப்போரம்:
தெரியாது என்று நேராகச் சொல்லலாமே. பாதாம் விவாதத்திலும் இப்படித்தான் ஓடினீர்கள்.