சினர்ஜிக்குக் ‘கூட்டாற்றல்’ போதுமா?

கடலூரிலிருந்து:
வணக்கம். மூலிகைச் சாறும் ஆன்டிபயாடிக்கும் சேரும்போது தனித்தனி வலுவின் கூட்டலையும் மிஞ்சி வேலை செய்வது சினர்ஜி. அதைக் ‘கூட்டாற்றல்’ என்று எழுதுகிறோம். படிப்பவர் வெறும் கூட்டல் என்றே எடுத்துக்கொள்கிறார். 96 குழித் தட்டில் நெடுக்கே சாறு, குறுக்கே ஆக்சாசிலின் என்ற ஆன்டிபயாடிக், இரண்டையும் பாதிபாதியாக நீர்த்து வைக்கிறோம். சாற்றின் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு, அதாவது கிருமி வளராமல் நிறுத்தும் மிகக் குறைந்த அளவு, தனியே 512, சேர்ந்தபோது 128 என்றால் பின்னம் 0.25. ஆக்சாசிலின் 64-லிருந்து 8-க்கு இறங்கினால் 0.125. மொத்தம் 0.375, இதுதான் சுட்டெண். அது 0.5-ஐத் தாண்டாதிருந்தால்தான் சினர்ஜி. 4-க்கு மேல் போனால் ஒன்றை ஒன்று கெடுக்கிறது. ‘மிகைவினை’ சரிவருமா?

புதுவையிலிருந்து:
ஐயா, ‘மிகைவினை’ ஒவ்வாமை போல ஒலிக்கிறது. ‘இணைவலு’ எனலாம். சுட்டெண்ணை மட்டும் ‘இணைவலுச் சுட்டெண்’ ஆக்க வேண்டாம். கெடுப்பதையும் அதுதானே அளக்கிறது! ‘பின்னத் தடுப்புச் சுட்டெண்’ இருக்கட்டும்.

இன்னொரு சொல்லும் தேவை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் சவ்விலுள்ள நார்-ஏ பம்பு, சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை வெளியே தள்ளும். மிளகின் பைப்பரின் அந்தப் பம்பைத் தடுக்கும். ஆனால் சோதிக்கும் அளவில் தானாகக் கிருமியைத் தடுக்காது. தனிச் செறிவே கிடைக்காதபோது பின்னம் ஏது? இதை ‘வலுவூட்டி’ என்போம்.

கடலூரிலிருந்து:
இணைவலு, வலுவூட்டி இரண்டும் எனக்குச் சம்மதம். சித்த மருத்துவர்கள் ‘அனுபானம் இருக்கிறதே’ என்பார்கள். அது மருந்தோடு உட்கொள்ளும் தேன், நெய், வெந்நீர். வேலை நடப்பது நோயாளி உடம்பில். பைப்பரின் மருந்து உறிஞ்சலைக் கூட்டுவதும் அப்படித்தான். பம்புக் கதை கிருமிக்குள் நடப்பது. கலக்கக் கூடாது.

பரங்கிப்பேட்டையிலிருந்து:
சொல் ஆயிற்று, அளவைப் பார்ப்போம். சுரபுன்னைப் பட்டைச் சாறு பழுப்பு, கலங்கலை வைத்து வளர்ச்சியைக் கணிக்க முடியாது என்று ரெசாசுரின் சாயம் விடுகிறோம். நீலம் இளஞ்சிவப்பானால் வளர்ச்சி என்று குறிக்கிறோம். கிருமியே இல்லாமலும் பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருளான டானின் அதை இளஞ்சிவப்பாக்கிவிடும். சாறு அதிகமுள்ள குழிகளில்தான் இது நடக்கும். அதனால் சாற்றின் தனிச் செறிவு பொய்யாக உயரும், பின்னம் சுருங்கும், இல்லாத இணைவலு தாளில் வந்து உட்காரும். ஒவ்வொரு செறிவுக்கும் சாறு, முல்லர்-ஹிண்டன் குழம்பு (கிருமி வளர்க்கும் ஊட்டக் கரைசல்), சாயம் மட்டும் உள்ள கிருமியில்லாக் குழி வையுங்கள். அங்கும் நிறம் மாறினால் சாயத்தை விட்டுவிட்டு, சாயம் விடாத குழியிலிருந்து 5 மைக்ரோலிட்டர் எடுத்து அகார் தட்டில் சொட்டி மறுநாள் பாருங்கள். முளைக்காவிட்டால் அது தடுப்பு மட்டுமல்ல, கொல்லும் செறிவு, வேறு பெயரில் பதியுங்கள். சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 1 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம்.