பூந்தொட்டிக்கு அடியில் சிவப்பு வால்: பாம்புக் குட்டியா, அரணையா?

செம்பருத்தி:
நேற்றுக் காலை செம்பருத்தித் தொட்டியை நகர்த்தினேன். அடியில் ஈர மண்ணில் விரல் நீளத்துக்கு ஒன்று கிடந்தது. பளபளவென்று பழுப்பு உடம்பு, வரிசையாகக் கரும்புள்ளிகள், வால் மட்டும் மிளகாய்ப் பழ நிறம். நான் கத்துவதற்குள் மண்ணுக்குள் போய்விட்டது. கால் இருந்ததா என்று கவனிக்கவில்லை. "அரணை கடித்தால் மரணம், விட்டு வைக்காதே" என்கிறார் மாமியார். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறாள். என்ன செய்வது?

கரிசல்காட்டான்:
பாம்பரணைக் குட்டி. எங்கள் பக்கம் பாம்புராணி என்போம். கொல்லாதீர்கள்.

தென்னந்தோப்பு:
சகோதரி, அரணைக்கு விஷமே கிடையாது. பதினைந்து வருடமாகத் தென்னைக்கு மூடாக்குப் போடுகிறேன். மட்டையைப் புரட்டும்போதெல்லாம் இவற்றைப் பார்க்கிறேன். ஒருமுறை கையில் எடுத்தபோது விரலைக் கவ்வியது, தோல்கூடக் கிழியவில்லை.

நான்கு காலும் ரொம்பக் குட்டை. மெதுவாகப் போகும்போது ஊன்றி நடக்கும். அவசரம் என்றால் காலை உடம்போடு ஒட்டிக்கொண்டு நெளிந்தே ஓடிவிடும். செதில் வழவழப்பு என்பதால் பொலபொலவென்ற மண்ணில் நீந்துகிற மாதிரி இறங்கும். கீழ் இமையில் கண்ணாடி போல ஒரு சின்ன வட்டம் உண்டு, அதனால் கண்ணை மூடினாலும் வெளிச்சம் தெரியும். பாம்புக்கு இமையும் கிடையாது, காதுத் துளையும் கிடையாது. அரணைக்கு இரண்டும் உண்டு.

சிவப்பு வால் குட்டிப் பருவத்தில்தான். பூனையோ காகமோ பாய்ந்தால் தலையை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கும். வால் கழன்று துடிக்கும், அதற்குள் இது தப்பிவிடும். மறுபடி முளைக்கும், சரி. ஆனால் வாலில் சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் போய்விடுகிறது. விளையாட்டுக்கு வாலை அறுக்கும் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு மனசு தாங்காது.

தின்பது கறையான், பாச்சை, சின்ன வண்டு. அப்புறம், 'அரணை புத்தி' என்பார்கள், கடிக்க வந்து மறந்துவிடுமாம். கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இரண்டடி ஓடும், நிற்கும், நாக்கை நீட்டி மோப்பம் பிடிக்கும், மறுபடி ஓடும். அந்த நிற்பைத்தான் மறதி என்று நினைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

செம்பருத்தி:
நன்றி அண்ணா. மாமியாரிடமும் படித்துக் காட்டினேன். தொட்டிக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை அளவில் மூன்று வெள்ளை முட்டைகள் இருக்கின்றன. இதனுடையதா?

தென்னந்தோப்பு:
தோல் மாதிரி மெத்தென்று, நீளவாக்கில் இருந்தால் அரணை முட்டையாக இருக்கலாம். வீட்டுப் பல்லியின் முட்டை உருண்டையாக, ஓடு கெட்டியாக இருக்கும். புரட்டாமல் அதே மண்ணைத் தூவி மூடுங்கள். தொட்டிக்கு ஊற்றுகிற தண்ணீர் அங்கே தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.