பம்ப் எஞ்சின் சூடானதும் நிற்கிறது, ஆறினால்தான் மறுபடி பிடிக்கிறது – உதவி வேண்டும்

முடோன் வெற்றிலைத் தோட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். பர்மாவில் மோல்மேனுக்குத் தெற்கே முடோன் பக்கம் எங்களுக்கு வெற்றிலைத் தோட்டம். கொடிக்குத் தண்ணீர் இறைக்கப் பழைய இரண்டு இஞ்ச் பம்ப் ஒன்று வைத்திருக்கிறோம். அதில் இருப்பது ஹோண்டா ஜிஎக்ஸ்160 மாதிரியே செய்த சீனத்து 168எஃப் எஞ்சின். காலையில் கயிற்றை இழுத்தால் உடனே பிடிக்கும், நன்றாக இறைக்கும். கால் மணி நேரம் போனதும் சத்தம் தளர்ந்து தானே நின்றுவிடும். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் அசையாது. நன்றாக ஆறிய பிறகு இழுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும்.

பிளக் புதுசு. ஏர் ஃபில்டர் கழுவியாயிற்று. கடையில் கார்ப் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டர்) போய்விட்டது என்றார்கள், புது கார்ப்பும் போட்டாயிற்று. அப்படியேதான் இருக்கிறது. கூடுதலாக, இப்போது வேகம் ஏறி இறங்கி அலைகிறது. எஞ்சினையே மாற்றச் சொல்கிறார்கள். மழை பிடிக்க இன்னும் நாளிருக்கிறது, கொடி வாடுகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

ரங்கூன் ஜெனரேட்டர்:
தம்பி, முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள். மூடியில் காற்று போகிற சின்னத் துளை அடைத்திருந்தால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் சேர்ந்து, கார்ப்புக்குப் பெட்ரோல் வராமல் நிற்கும். நிற்கப்போகும் நேரத்தில் மூடியைத் தளர்த்தி விடுங்கள். தொடர்ந்து ஓடினால் குற்றம் மூடியில்தான். பெட்ரோல் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்திலேயே சைலன்சர் கொதிக்கும்.

பாட்டில் பெட்ரோல் வாங்குகிறீர்கள் என்றால் கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

பெகு பட்டறை:
தம்பி, இனி ஒரு சாமானும் வாங்காதீர்கள். ஆறின எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், ஏனென்றால் ஆறினால் அது நல்ல எஞ்சின். கோளாறு இருப்பது சூட்டில். அதனால் நின்ற அந்த நிமிஷத்திலேயே, ஆற விடாமல் பார்க்க வேண்டும். பிளக் ஸ்பேனர், இன்னொரு பிளக், கையுறை மூன்றையும் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

நின்றதும் பிளக் மூடியைக் கழற்றி, கையிலிருக்கிற இன்னொரு பிளக்கில் மாட்டி, அதன் உடம்பு எஞ்சின் இரும்பில் படும்படி வைத்துக் கயிற்றை இழுங்கள். எஞ்சினில் இருக்கிற பிளக்கைக் கழற்ற வேண்டாம், துளை திறந்திருந்தால் உள்ளிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும். நீலப் பொறி அடித்தால், பொறிக்குக் கரண்ட் தருகிற காயில் நல்லது. பொறியே இல்லை, ஆறினால் வருகிறது என்றால் காயில் சூட்டில் செத்துப்போகிறது.

பொறி இருந்தால் அடுத்து கயிற்றின் கனம். காலையில் ஆறின எஞ்சினை மெதுவாக இழுத்து அந்தக் கனத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நின்றதும் அதே மாதிரி மெதுவாக இழுங்கள். காலையில் முட்டின இடத்தில் இப்போது வழுக்கிக்கொண்டு போனால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்குகிற அழுத்தம், கசிகிறது. இந்த எஞ்சினில் சுலபமாக ஸ்டார்ட் ஆவதற்காகவே வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்டில், அந்த அழுத்தத்தைக் கொஞ்சம் விடுகிற டீகம்ப்ரஷன் லீவர் உண்டு, எப்போதுமே கொஞ்சம் லேசாகத்தான் வரும். அதனால்தான் காலையையும் சூட்டையும் ஒப்பிடச் சொல்கிறேன்.

எனக்கு டேப்பட் மேல்தான், அதாவது வால்வுக்கும் அதை அழுத்துகிற ராக்கருக்கும் நடுவில் விடுகிற இடைவெளி மேல்தான், சந்தேகம். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தட்டோன் அக்கா:
பெகு அண்ணன் சொன்னதோடு, கயிறு இருக்கிற மூடியையும் அதற்குள்ளே ஃபேன் கவரையும் கழற்றிப் பாருங்கள் தம்பி. காற்று அடித்துத்தான் இந்த எஞ்சின் ஆறுகிறது. எங்கள் வீட்டுப் பம்பில் சிலிண்டர் மேலே இருக்கிற வரி வரியான இடுக்குகளில் குளவி மண்கூடு கட்டி, பாதி வரியை அடைத்துவிட்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பம்பை வாய்க்கால் கரையில் சாய்வாக வைக்கிறீர்களா? ஆயில் குறைந்தால் தானே நிறுத்துகிற சுவிட்ச் இருந்தால், சாய்வில் ஆயில் இருந்தும் நிறுத்திவிடும். சமதளத்தில் வைத்து, ஆயில் துளை வாய் வரை நிற்கிறதா பாருங்கள். இந்த எஞ்சினுக்குக் கிட்டத்தட்ட 600 மில்லி பிடிக்கும்.

முடோன் வெற்றிலைத் தோட்டம்:
எல்லாருக்கும் நன்றி. சமதளத்தில், ஆயில் சரியாக வைத்து ஓட்டினேன். டேங்க் மூடியைத் தளர்த்தியும் நின்றது. நின்ற உடனே பார்த்தேன், பொறி நன்றாக நீலமாக அடிக்கிறது. ஆனால் கயிறு, அண்ணே, காலையில் கையைப் பிடித்து நிறுத்துகிற இடத்தில் ஒன்றுமே இல்லை, சும்மா வருகிறது. ஃபேன் கவருக்குள் குளவிக்கூடு இல்லை, ஆனால் காய்ந்த வைக்கோலும் எண்ணெய்ப் பிசுக்கும் கட்டியாக அப்பியிருந்தது. மரக்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டேன். டேப்பட் எப்படிப் பார்ப்பது? நான் செய்ததே இல்லை.

பெகு பட்டறை:
அப்படியானால் வால்வு மூடாமல் நிற்கிறது. நாள்பட ஓடினால் டேப்பட் இடைவெளி அகலும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த எஞ்சினில் வால்வும் அது உட்காருகிற சீட்டும் தேயத் தேய, வால்வு உள்ளே அமிழும், அதன் வால் ராக்கர் பக்கம் ஏறும். இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஆறியிருக்கும்போது மயிரிழை மிச்சம் இருப்பதால் ஓடுகிறது. சூட்டில், புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு நீண்டதும் அந்த மயிரிழையும் போய், வால்வு முழுசாக மூடாமல் கசிகிறது. வைக்கோல் அடைத்ததால் சூடும் கூடியிருக்கும்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், அது முக்கியம். பிளக்கைக் கழற்றுங்கள், கயிறு லேசாக வரும். ஹெட்டில் நாலு போல்ட் மூடியைத் திறந்தால் இரண்டு ராக்கர் தெரியும். சைலன்சர் பக்கம் எக்ஸாஸ்ட், கார்ப் பக்கம் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற இன்டேக். கயிற்றை மெதுவாக இழுங்கள். இன்டேக் வால்வு இறங்கி, ஏறி மூடின பிறகு, பிஸ்டன் டாப்புக்கு வரும். பிளக் துளையில் மெல்லிய மூங்கில் குச்சி விட்டால் ஏறுவது தெரியும். டாப்புக்கு முன்னாலேயே நிறுத்திவிடாதீர்கள். அந்த இடத்தில் டீகம்ப்ரஷன் லீவர் எக்ஸாஸ்ட் வால்வை லேசாகத் தூக்கிப் பிடிக்கும், அளவு பொய்யாகிவிடும்.

லாக் நட்டைத் தளர்த்தி, பீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) வைத்து இன்டேக் 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. வையுங்கள். தகடு லேசான இழுவையோடு வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது அளவு நகரும், இறுக்கின பிறகு மறுபடி அளந்தே தீர வேண்டும். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 வரை.

முடோன் வெற்றிலைத் தோட்டம்:
அண்ணே, எக்ஸாஸ்டில் கேஜின் மிகச் சின்னத் தகடு 0.05கூட நுழையவில்லை. இன்டேக் 0.10 இருந்தது. நீங்கள் சொன்னபடி வைத்தேன். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்வரை நிற்காமல் இறைத்தது! சூட்டிலேயே நிறுத்தி இழுத்தேன், உடனே பிடித்தது. வீட்டில் எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

வேகம் அலைவது மட்டும் போகவில்லை. கார்ப்புக்குப் போகிற காற்றைக் குறைக்கிற சோக்கைப் பாதி மூடினால் சீராகிறது.

தட்டோன் அக்கா:
பாதி சோக்கில் சீராகிறது என்றால் பெட்ரோல் குறைவு, இல்லை காற்று அதிகம். புது கார்ப் போட்ட பிறகுதானே வந்தது? கார்ப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கறுப்பு இன்சுலேட்டரும் அதற்கு இரு பக்கமும் கேஸ்கெட்டும் உண்டு. ஒன்று விட்டுப்போனாலோ கிழிந்தாலோ அங்கே காற்று உறிஞ்சும்.

பெகு பட்டறை:
அக்கா சொன்னதைப் பாருங்கள். கேஸ்கெட் சரியாக இருந்தால் பழைய கார்ப்பையே சுத்தம் செய்து மாட்டுங்கள். எறியவில்லை என்று நம்புகிறேன். ஐடில் ஸ்க்ரூவுக்கு அடியில், மெதுவாக ஓடும்போது பெட்ரோல் போகிற பைலட் ஜெட் இருக்கிறது. அதன் துளை அடைத்தால்தான் பெரும்பாலும் அலையும். கரண்ட் வயரின் ஒரு செம்பு இழையை விட்டு எடுத்துக் காற்றடித்தால் போதும். ஊசி போடாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

முடோன் வெற்றிலைத் தோட்டம்:
பழையது பத்திரமாக இருக்கிறது. பைலட் ஜெட்டில் பச்சையாகப் பிசின் மாதிரி அடைத்திருந்தது. சுத்தம் செய்து, புது கேஸ்கெட்டோடு மாட்டினேன். சோக் முழுசாகத் திறந்தும் சீராக ஓடுகிறது. டேப்பட்டை மறுபடி எப்போது பார்க்க வேண்டும், அண்ணே?

பெகு பட்டறை:
இந்த எஞ்சினில் சீட் ஏற்கெனவே தேய்ந்திருப்பதால் 50 மணி நேரம் ஓடினதும் ஒரு தடவை அளந்து பாருங்கள். 0.20 அப்படியே நின்றால் அடுத்தது 100 மணியில் போதும். அதற்குள்ளேயே இடைவெளி மறுபடி குறைந்திருந்தால் ஹெட்டைக் கழற்றி வால்வு கிரைண்டிங் போட வேண்டியதுதான். அப்படி வந்தால் ஹெட்டைக் கொண்டு வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.