1490 எடுத்தும் நேஷனல் மெரிட் பட்டியலில் மகள் பெயர் இல்லை. எங்கே தவறு?

எடிசன் அப்பா (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. சென்ற அக்டோபரில், அதாவது 2024இல், பதினோராம் வகுப்பில் இருந்தபோது, எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி. எழுதினாள். 1520க்கு 1490. கணக்கில் 760க்கு 760, ஒரு மதிப்பெண்கூடக் குறையவில்லை. வாசிப்பு, எழுத்துப் பகுதியில் 730.

அந்த மதிப்பெண்ணை வைத்து நடக்கும் உதவித்தொகைப் போட்டிதான் நேஷனல் மெரிட். அதன் முதல் கட்டத்தில் தேறியவர்களின், அதாவது செமிஃபைனலிஸ்ட்களின், பட்டியல் இந்த வாரம் வந்தது. அவள் பெயர் அதில் இல்லை. அதற்கு அடுத்த நிலையில் உள்ளவர்களுக்கான பாராட்டுக் கடிதம் மட்டும் வரும் என்று பள்ளியில் சொன்னார்களாம்.

போகட்டும் என்று விட்டுவிடுவேன். ஆனால் இரண்டு விஷயங்கள் தூங்கவிடவில்லை. அதே பள்ளியில், அதே வகுப்பில் படிக்கும் இவளுடைய தோழிக்கும் மொத்தம் 1490தான். அவள் பெயர் பட்டியலில் இருக்கிறது. இரண்டாவது, டெக்சாஸில் இருக்கும் என் மைத்துனர் மகன். அவனுக்கு 1480. இவளைவிடப் பத்து குறைவு. அவனும் செமிஃபைனலிஸ்ட். அவனுடைய மதிப்பெண் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படமாகவே வந்தது. இரண்டு பகுதியிலும் 740.

பள்ளியில் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். மதிப்பெண்ணை அனுப்பாமல் விட்டுவிட்டார்களா? நம் ஊரில் இருப்பதுபோல் மறுமதிப்பீடு கேட்க இங்கே வழி உண்டா? யாருக்கு எழுத வேண்டும்?

நேர்படப்பேசு

விடாதீர்கள் ஐயா. நாளைக் காலையிலேயே பள்ளி ஆலோசகரை நேரில் பாருங்கள். நாம் மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருப்பதால்தான் நம் பிள்ளைகள் விடுபடுகிறார்கள்.

கணக்கு டீச்சர்

எடிசன் அப்பா, கொஞ்சம் பொறுங்கள். பள்ளிக்குப் போய்ச் சண்டை போடுவதற்கு முன் ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள்.

நேஷனல் மெரிட்டுக்கு அந்த 1490 என்ற மொத்தத்தை யாரும் பார்ப்பதே இல்லை. அவர்கள் பார்ப்பது செலக்‌ஷன் இண்டெக்ஸ் என்ற வேறொரு எண். வாசிப்பு, எழுத்துப் பகுதி மதிப்பெண்ணை இரண்டால் பெருக்கி, கணக்கு மதிப்பெண்ணைக் கூட்டி, பத்தால் வகுக்க வேண்டும். அதிகபட்சம் 228.

உங்கள் மகளுக்கு 730ஐ இரட்டித்தால் 1460, அதனுடன் 760 சேர்த்தால் 2220, பத்தால் வகுத்தால் 222. நியூ ஜெர்சிக்கு இந்த ஆண்டு கட்-ஆஃப் 225. மூன்று குறைவு. தவறு எங்கேயும் இல்லை.

இப்போது தோழி விஷயம். அந்தப் பெண்ணின் மதிப்பெண் அறிக்கையை நான் பார்த்ததில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: வாசிப்பில் 760, கணக்கில் 730. உங்கள் மகளுடையதை அப்படியே திருப்பிப் போட்டால் வருவது. எப்படித் தெரியும் என்றால், 1490 என்ற மொத்தம் நான்கே வழியில்தான் வரும். வாசிப்பு 730, கணக்கு 760 என்றால் இண்டெக்ஸ் 222. 740, 750 என்றால் 223. 750, 740 என்றால் 224. 760, 730 என்றால் மட்டும் 225. அவள் பட்டியலில் இருக்கிறாள் என்று நீங்களே சொல்கிறீர்கள், ஆகவே கடைசி வழிதான்.

நம் ஊர்ப் பொறியியல் கட்-ஆஃப் நினைவிருக்கிறதா? 200க்குக் கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது. மொத்த மதிப்பெண் ஒன்றாக இருந்தாலும் கணக்கில் அதிகம் எடுத்தவனுக்கு முதலில் கலந்தாய்வு. அங்கே கணக்குக்கு இருந்த செல்வாக்கு இங்கே மொழிக்கு இருக்கிறது. அவ்வளவுதான்.

எடிசன் அப்பா

டீச்சர், படித்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டேன். தோழியின் அப்பாவிடம் கேட்டேன். நீங்கள் சொன்னது சரி, 760உம் 730உம்.

ஆனால் இது என்ன நியாயம்? ஒரு பாடத்தை மட்டும் ஏன் இரண்டு தடவை எண்ண வேண்டும்?

கணக்கு டீச்சர்

2015க்கு முன்பு இந்தத் தேர்வில் வாசிப்பு, கணக்கு, எழுத்துத்திறன் என்று மூன்று பகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை. மூன்றையும் கூட்டினால் அதுவே இண்டெக்ஸ், அதிகபட்சம் 240. 2015இல் தேர்வை மாற்றி அமைத்தபோது வாசிப்பையும் எழுத்தையும் ஒரே பகுதியாக்கிவிட்டார்கள், ஆனால் நேஷனல் மெரிட் கணக்கில் அவை இரண்டும் தனித்தனியாகவே எண்ணப்பட்டன. 2023 அக்டோபரில் தேர்வு கணினிக்கு மாறிய பிறகும் அந்த விகிதம் அப்படியே இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு மொழி, ஒரு பங்கு கணக்கு. இரட்டிப்பதாகத் தோன்றுவது உண்மையில் பழைய வீட்டின் இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்ததால் வந்தது.

நியாயமா என்றால், நான் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். என்னிடம் கேட்காதீர்கள்.

டாலஸ்வாசி

மைத்துனர் மகன் பற்றி யாரும் சொல்லவில்லையே. அவனுக்கு 740, 740. இரட்டித்து 1480, கூட 740, மொத்தம் 2220. இண்டெக்ஸ் 222. உங்கள் மகளுக்கும் 222. இருவரும் ஒரே எண்தான்!

வித்தியாசம் மாநிலம். டெக்சாஸ் கட்-ஆஃப் இந்த ஆண்டு 222. பையன் விளிம்பில் கால் வைத்து ஏறியிருக்கிறான். சென்ற ஆண்டு இங்கே 219தான் இருந்தது, ஒரே ஆண்டில் மூன்று ஏறிவிட்டது. உங்கள் மாநிலத்தில் 223 இருந்தது 225 ஆகியிருக்கிறது.

நாடு முழுவதும் ஏறத்தாழ 16,000 செமிஃபைனலிஸ்ட்கள். அந்த இடங்களை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒரு மாநிலத்தில் நாட்டின் எத்தனை சதவீத மாணவர்கள் அந்த ஆண்டு பள்ளி முடிக்கிறார்களோ, அந்த அளவுக்கு இடம். பிறகு மேலிருந்து எண்ணிக்கொண்டே வருகிறார்கள், இடம் தீரும் எண் கட்-ஆஃப். படிப்பில் போட்டி கடுமையான மாநிலத்தில் அது மேலே போய் நிற்கிறது. மாசசூசெட்ஸும் வாஷிங்டன் டி.சி.யும் உங்களைப் போலவே 225, கலிபோர்னியா 224. மேற்கு வர்ஜீனியாவில் 210 போதும்.

பாராட்டுக் கடிதத்துக்கு மட்டும் நாடு முழுவதற்கும் ஒரே எண், இந்த ஆண்டு 210. ஆகவே உங்கள் மகள் 222 எடுத்து வாங்கும் பாராட்டுக் கடிதம் சில மாநிலங்களில் செமிஃபைனலிஸ்ட் மதிப்பெண். இது ஆறுதல் ஆகாது என்று எனக்கும் தெரியும்.

நேர்படப்பேசு

அப்படியானால் பதினோராம் வகுப்பில் மேற்கு வர்ஜீனியாவுக்குக் குடிபோய்விட வேண்டியதுதான்.

டாலஸ்வாசி

வேலை, வீட்டுக் கடன், பிள்ளையின் நண்பர்கள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, 2,500 டாலருக்காகவா? நேஷனல் மெரிட் நிறுவனம் நேரடியாகக் கொடுக்கும் உதவித்தொகை ஒரே ஒரு முறை 2,500 டாலர், அதுவும் செமிஃபைனலிஸ்ட் எல்லோருக்கும் இல்லை.

இன்னொன்று, கணக்கில் வருவது வீடு இருக்கும் மாநிலம் அல்ல, பள்ளி இருக்கும் மாநிலம். விடுதிப் பள்ளி என்றால் அந்தப் பகுதியிலுள்ள மாநிலங்களில் எது அதிகமோ அந்தக் கட்-ஆஃப். குறுக்குவழி தேடுபவர்களை அவர்கள் முன்பே பார்த்திருக்கிறார்கள் போல.

பத்தாம் வகுப்பு அம்மா

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகன் இப்போது பத்தாம் வகுப்பு, அடுத்த மாதம் பள்ளியிலேயே பி.எஸ்.ஏ.டி. எழுதுகிறான். அதில் நன்றாக எடுத்தால் அதையே வைத்துக்கொள்ளலாமா? இன்னொரு சந்தேகம், நாங்கள் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம், அவன் அதைச் சார்ந்த எச்-4 விசாவில். கிரீன் கார்டு இல்லாத பிள்ளைகளுக்கு நேஷனல் மெரிட்டே கிடையாது என்று கோயிலில் ஓர் அக்கா சொன்னார். உண்மையா?

கணக்கு டீச்சர்

பத்தாம் வகுப்பில் எழுதுவது பழக்கத்துக்கு மட்டும், அம்மா. பதினோராம் வகுப்பு அக்டோபர்தான் கணக்கு. அன்றைக்குக் காய்ச்சலில் படுத்துவிட்டால் எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை வைத்து மாற்று வழியில் சேர முடியும், ஆனால் அதற்கு நாமாக விண்ணப்பிக்க வேண்டும், காலக்கெடு உண்டு. தேர்வு தவறினால் உடனே எழுதிக் கேளுங்கள், வசந்த காலம் வரை காத்திருக்காதீர்கள்.

கோயில் அக்கா சொன்னது பழைய விதி. முன்பு குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ கேட்டார்கள். அது சில ஆண்டுகளுக்கு முன் மாறிவிட்டது. இப்போது அமெரிக்காவில் உள்ள உயர்நிலைப் பள்ளியில் படித்தால் போட்டியில் சேரலாம். குடியுரிமைக் கேள்வி வெளிநாட்டுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான். ஆனால் பின்னால் பணம் கொடுக்கும் கம்பெனியும் கல்லூரியும் தனித்தனி நிபந்தனை வைக்கலாம், அதை அந்தந்த இடத்தில் படித்துப் பாருங்கள்.

உங்கள் மகனுக்கு ஓராண்டு இருக்கிறது. கணக்கில் 740 எடுப்பவனைப் பிடித்து 760க்கு ஏற்றினால் இண்டெக்ஸில் இரண்டுதான் கூடும். அதே இருபதை வாசிப்பில் ஏற்றினால் நான்கு கூடும். நம் வீடுகளில் டியூஷன் காசு எல்லாம் எந்தப் பக்கம் போகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

பத்தாம் வகுப்பு அம்மா

கணக்குக்கு வாரம் இரண்டு நாள் போகிறான். வாசிப்புக்கு ஒன்றுமில்லை. புரிந்துவிட்டது டீச்சர், நன்றி.

முன்னாள் ஆலோசகர்

எடிசன் அப்பாவுக்கு ஒரு தகவல். செமிஃபைனலிஸ்ட் ஆகாததால் கதவு முழுவதும் மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சில பெரிய கம்பெனிகள் தங்கள் ஊழியர்களின் பிள்ளைகளுக்காக நேஷனல் மெரிட் நிறுவனம் மூலமாகவே சிறப்பு உதவித்தொகை கொடுக்கின்றன. அது இறுதிக் கட்டத்துக்குத் தேறிய ஃபைனலிஸ்ட் அல்லாத, ஆனால் நன்றாக எடுத்த பிள்ளைகளுக்கு. அதற்குத் தனிப் படிவம் உண்டு, அதை வேலை செய்யும் கம்பெனி வழியாகத்தான் கொடுக்க வேண்டும். உங்கள் கம்பெனியும் உங்கள் மனைவியின் கம்பெனியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். பல பெற்றோர்கள் இதைக் கேட்பதே இல்லை.

பணம்தான் முக்கியம் என்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபைனலிஸ்ட்களுக்கு அள்ளிக்கொடுக்கும் கல்லூரிகள் இருக்கின்றன, டாலஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம், அலபாமா, ஓக்லஹோமா போன்றவை. ஆனால் ஹார்வர்டு மாதிரி இடங்களில் திறமைக்கென்று ஒரு டாலர்கூடக் கொடுப்பதில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். மகள் எந்தக் கல்லூரியை நினைத்திருக்கிறாள் என்பதைப் பொறுத்து இந்த இழப்பு பெரியதாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம்.

டெக்சாஸ் பையனுக்கும் வேலை முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள். கட்டுரை, பள்ளியின் பரிந்துரை, மதிப்பெண் பட்டியல், எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி.யில் உறுதிப்படுத்தும் மதிப்பெண் எல்லாம் போக வேண்டும். பிப்ரவரியில்தான் ஃபைனலிஸ்ட் தெரியும்.

எடிசன் அப்பா

எல்லோருக்கும் நன்றி. மறுமதிப்பீடு எதுவும் வேண்டாம். பள்ளிக்கு நான் எழுதி வைத்திருந்த மின்னஞ்சலை அழித்துவிட்டேன். சூடான மின்னஞ்சல்தான் அது, நல்லவேளை அனுப்பவில்லை.

இன்று மாலை மகளிடம் டீச்சர் போட்ட கணக்கைக் காட்டினேன். “அப்பா, இது எனக்கு நவம்பரிலேயே தெரியும்” என்றாள். அப்போது ஏன் சொல்லவில்லை என்றேன். என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு அழைத்துப்போனாள். மதிப்பெண் வந்த அன்று நான்தான் அந்த அறிக்கையை அச்செடுத்து, 760ஐச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பத்து மாதமாக அங்கேயே இருக்கிறது. மதுரைக்குப் போனபோது வாங்கிய மீனாட்சியம்மன் கோபுரக் காந்தத்தால் ஒட்டியிருந்தேன். அவள் காந்தத்தை எடுத்தாள். அதற்கடியில் சிறிய எழுத்தில் செலக்‌ஷன் இண்டெக்ஸ் 222 என்று இருந்தது.

வாட்ஸ்அப் குழுவில் மைத்துனர் மகனுக்கு முதலில் வாழ்த்துச் சொன்னவளும் அவள்தானாம். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

முன்னாள் ஆலோசகர் சொன்ன சிறப்பு உதவித்தொகை பற்றி என் மனைவியின் கம்பெனியில் திங்கட்கிழமை கேட்கிறோம். என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பு அம்மா

கட்டாயம் எழுதுங்கள் அண்ணா. என் கணவரின் கம்பெனியில் நானும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். படிவம் எந்த மாதம் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.