பல்தடமா, பஃறடமா, பல்சாலா?

கிளிநொச்சியிலிருந்து:
வணக்கம். கிராமபோன் தட்டுக் கண்காட்சிக்கான விளக்க அட்டைகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. ஒரு வகைக்கு மட்டும் பெயர் இல்லை. வழமையான தட்டின் ஒரு பக்கத்தில் ஒரே தடம்தான் விளிம்பிலிருந்து நடுவுக்குச் சுருளும். இதில் இரண்டு மூன்று தடங்கள் அருகருகே சுருள்கின்றன. ஊசி இறங்கும்போது எந்தத் தடத்தின் வாய் நேரே வருகிறதோ அதுதான் கேட்கும். 1973இல் மொன்ரி பைதன் என்ற பிரித்தானிய நகைச்சுவைக் குழு தன் தட்டொன்றின் ஒரு பக்கத்தை இப்படி வெட்டி வெளியிட்டது. "பல்தடத் தட்டு" போதுமா?

வவுனியாவிலிருந்து:
பஃறொடை வெண்பாவும் பஃறுளி ஆறும் இருக்கும் மொழியில் லகரத்தை அப்படியே விடுவதோ மாஸ்டர்? பல் + தடம் = பஃறடம்.

முல்லைத்தீவிலிருந்து:
பத்தாம் ஆண்டுப் பிள்ளை அதை மருந்துக் குளிசையின் பெயர் எண்டுதான் நினைக்கும். தடமே வேண்டாம், ஐயா. ஸ்டீரியோத் தட்டில் ஒரே பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரண்டு ஒலித்தடம் இருக்கு, குழம்பும். கலப்பை கீறுவது சால், வெட்டூசி கீறுவதும் சால்தான். "பல்சால் தட்டு". புறநானூற்றிலேயே "பல்சான்றீரே" திரியாமல் நிற்குது.

மன்னாரிலிருந்து:
இரண்டு சால் என்ற பொருளில் "இரணைச்சால்" எப்படி? இரணைமடு, இரணைத்தீவு என்று எங்கள் பக்கத்துச் சொல்தானே.

கிளிநொச்சியிலிருந்து:
மூன்று சால் உள்ள தட்டுக்கு என்ன செய்வது? சேகரிப்பவர்களுக்கு எண்ணிக்கைதான் முக்கியம். விளக்கைத் தாழ்வாகச் சரித்து, உருப்பெருக்கியால் விளிம்பில் எத்தனை வாய் தொடங்குகிறது என்று எண்ணுங்கள். மூன்றானால் லேபலில் ஒரு எழுத்தைக் குறியாக வைத்து, அதை 12, 4, 8 மணித் திசைகளில் நிறுத்தி ஊசியை இறக்கிப் பாருங்கள். வாய்கள் சம இடைவெளியில் இல்லாவிட்டால் ஒரே பாட்டு இரண்டு தரம் வரும். குறியைச் சற்றுத் தள்ளுங்கள். ஸ்டீரியோ அல்லாத எல்பிக்கு 25 மைக்ரோன் ஊசி, 78 சுற்றுத் தட்டுக்கு 76 மைக்ரோன் அளவில். அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கவே கூடாது, அரக்குக் கரையும்.

இன்னொன்று: 20 நிமிடப் பக்கத்தில் இரண்டு சால் வெட்டினால் ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடந்தான். கீறல் விழுந்தால் சாதாரணத் தட்டில் பாட்டு ஒரு சுற்று முன்னோ பின்னோ போகும். இதில் வேறு பாட்டே புகுந்துவிடும். பழுது என்று மலிவாகத் தள்ளிவிடுகிற தட்டுகளில் இதுவும் கிடக்கும்.

வவுனியாவிலிருந்து:
சால் என்றால் தண்ணீர் மிடாவும்தான். "சால உறு தவ நனி" என்று மிகுதிக்கும் வரும். அப்படிப் பார்த்தால் பல்சால் கூறியது கூறல்.

முல்லைத்தீவிலிருந்து:
சால வேறு, சால் வேறு ஐயா. நன்னூலார் பல, சில என்பவற்றுக்குத் தனி விதியே வைத்திருக்கிறார். பல்கலை எழுதுகிறோம், பற்கலை எழுதுவதில்லை.

மன்னாரிலிருந்து:
இரணை இணையிலிருந்தா இரட்டையிலிருந்தா வந்தது என்று யாராவது சொன்னால் நல்லம்.

கிளிநொச்சியிலிருந்து:
அதைப் பிறகு பார்ப்போம். மூன்று பேர் சாலுக்குத் தலையாட்டிவிட்டோம். "பல்சால் தட்டு", கீழே சிறிய எழுத்தில் "ஒரே பக்கத்தில் பல தடங்கள்".

வவுனியாவிலிருந்து:
பஃறடத்துக்கு என் வாக்கு இருக்கட்டும். சால் என்றே முடிவானால் மற்ற அட்டைகளில் "தடம்" என்று போட்டிருப்பதை யார் திருத்துவது?