கொட்டகையில் ஈத்தொல்லை: குடும்பக் குழுவில் பேசியது

மீனா: அத்தை, மாட்டை ஈ ஒரு நிமிடம் நிற்க விடவில்லை. பால் கறக்கும்போதெல்லாம் காலை உதறிக்கொண்டே இருக்கிறது. வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலந்து அடித்தேன், கேட்கவில்லை.

செல்வி அத்தை: சோப்பு போட்டாயா?

மீனா: இல்லையே.

செல்வி அத்தை: அப்படியானால் எண்ணெய் மேலே மிதந்திருக்கும், நீ அடித்தது வெறும் தண்ணீர்தான். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி திரவ சோப்பைக் கரைத்துக்கொள். அப்புறம் 10 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கு. பால் போல வெளுத்து வர வேண்டும். கலந்ததை அன்றே தீர்த்துவிடு.

மீனா: மாட்டின் மேலேயே அடிக்கலாமா?

செல்வி அத்தை: முதலில் கழுத்தில் உள்ளங்கை அளவு தடவி ஒரு நாள் பார். தடிப்பு வராவிட்டால் அடி. கண், மூக்கு, புண், மடி பக்கம் போகாதே. மடியில் பட்டால் பாலில் வாடை ஏறும். மாலையில் கறந்து முடித்த பிறகு அடிப்பது நல்லது, வெயிலில் வேப்பெண்ணெயின் வீரியம் சீக்கிரம் போய்விடும்.

பெரியப்பா: இத்தனை வேலை எதற்கு? நொச்சியும் வேப்பிலையும் போட்டுப் புகை மூட்டினால் போதாதா?

செல்வி அத்தை: புகைக்குக் கொசு விலகும் அண்ணா, சரிதான். ஆனால் அடைத்த கொட்டகையில் போட்டால் மாட்டுக்கும் மூச்சு முட்டும். திறந்த பக்கமாக, வைக்கோலுக்கு எட்டாத தூரத்தில் சட்டியை வையுங்கள். அணையும் வரை ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

குமரன்: அக்கா, பாப்பாவுக்குக் கொசு கடிக்கிறது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவலாமா?

செல்வி அத்தை: வேண்டவே வேண்டாம் குமரா! கற்பூரம் குழந்தை வாயில் போனால் வலிப்பு வரும். வேப்பெண்ணெயும் உள்ளே போகக் கூடாது. பாப்பாவுக்கு வலைதான். டெங்குக் கொசு பகலில் கடிப்பது, அதனால் பகல் தூக்கத்துக்கும் வலையைக் கட்டு. மின்விசிறியையும் ஓடவிடு, காற்றை எதிர்த்துப் பறக்கக் கொசுவுக்குப் பலம் போதாது. எலுமிச்சைப்புல் எண்ணெய் மாதிரி வாசனை எண்ணெய்களெல்லாம் சீக்கிரம் ஆவியாகிவிடும், அதை நம்பி இருக்காதே.

குமரன்: நல்லவேளை கேட்டேன். இன்றே வலை கட்டிவிடுகிறேன்.

செல்வி அத்தை: மீனா, காலை உதறுகிறது என்றாயே, ஈ எங்கே உட்காருகிறது?

மீனா: பெரும்பாலும் காலில்தான். ரத்தம்கூட வருகிறது.

செல்வி அத்தை: அது வீட்டு ஈ இல்லை, கடி ஈ. சாணமும் மூத்திரமும் ஊறிய வைக்கோலில்தான் முட்டையிடும். கரைசல் அடித்தால் பறக்கிற ஈ கொஞ்சம் விலகும், அவ்வளவுதான். எத்தனை நாளைக்கு ஒருமுறை கூட்டி அள்ளுகிறாய்?

மீனா: சாணம் தினமும் அள்ளுகிறேன். தொட்டிக்குப் பின்னால் மட்டும் கை எட்டாது.

செல்வி அத்தை: அங்கே போய்க் கிளறிப் பார்.

மீனா: பார்த்தேன் அத்தை. பழைய வைக்கோல் ஒரு சாண் உயரத்துக்கு ஊறிக் கிடக்கிறது. உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழு.

செல்வி அத்தை: எல்லாவற்றையும் வழித்தெடுத்து வெயிலில் மெல்லியதாகப் பரப்பு, காய்ந்தால் புழு செத்துவிடும். கூட்டுப்புழுக்கள் மண்ணில் மிஞ்சியிருக்கும், அதனால் இரண்டு மூன்று வாரமாவது ஈ குறையவில்லையே என்று சோர்ந்துவிடாதே. அந்த மூலை மட்டும் காய்ந்தே இருக்கட்டும்.

பெரியப்பா: தொட்டியை நீ தனியாக நகர்த்தாதே மீனா. மண்வெட்டியோடு வருகிறேன்.